நானோ துகள் கொண்டு நோயைக் காண்பதும் தீர்ப்பதும்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மருத்துவப் படிமத்துக்கான, அதாவது உடலின் உட்புறத்தைப் படமெடுப்பதற்கான, நானோ துகள் ஆய்வில் புதிதாக நுழைகின்றவர்களில் பலர் முதலில் ஒரு துகளைத் தயாரித்துவிட்டு, பிறகே அதற்கு ஏற்ற நோயைத் தேடத் தொடங்குகிறார்கள். வேதியியலிலிருந்தோ பொருளறிவியலிலிருந்தோ வருகின்றவர்களுக்கு இந்த வரிசை இயல்பாகத் தோன்றும் என்றாலும், ஆய்வின் இரண்டாம் ஆண்டில் பலர் திகைத்து நிற்பதற்கும் அதுவே காரணமாகிறது. இந்தக் கட்டுரை நோயாளியிடம் தொடங்கி, படிமக் கருவி, உடலின் இயல்பு ஆகியவற்றைக் கடந்து, கடைசியாகவே துகளிடம் வருகிறது. முதுகலை மாணவர்களையும், முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்குகின்றவர்களையும், கதிர்ப்படவியல் பயிலும் இளம் மருத்துவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் அளவைப் பற்றிய ஓர் உணர்வு வேண்டும். பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரையுள்ள துகள்களையே நானோ துகள் என்கிறோம். மருத்துவத்தில் அதைவிடச் சற்றுப் பெரியவற்றையும் இந்தப் பெயரால் அழைப்பது வழக்கம். டி.என்.ஏ. இழையின் தடிமன் ஏறத்தாழ 2 நானோமீட்டர். சிவப்பணுவின் விட்டம் 7,000 நானோமீட்டருக்கும் மேல். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் உங்கள் துகள் எங்கே நிற்கிறது என்பதே உடலுக்குள் அதற்கு நேரப்போவதில் பெரும்பகுதியைத் தீர்மானித்துவிடுகிறது.

முதல் படி: மருத்துவக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"புற்றுநோயைக் கண்டறிய ஒரு துகள்" என்பது கேள்வி ஆகாது. எந்த உறுப்பில், எதை, எந்த நேரத்தில் காண வேண்டும், கண்டபின் மருத்துவரின் முடிவு எப்படி மாறும் என்ற நான்கும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். "கல்லீரலில் உள்ள சிறு கட்டிகளை அறுவைக்கு முன் எண்ணித் தெரிந்துகொண்டால், அறுவை செய்வதா வேண்டாமா என்ற முடிவு மாறும்" என்று எழுதினால், அது ஒரு துகளை வடிவமைக்கப் போதுமான கேள்வி.

இந்தக் கேள்விக்கு அழகான ஒரு விடை முன்பே இருந்தது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1996-ஆம் ஆண்டு ஒப்புதல் அளித்த ஃபெரிடெக்ஸ் என்ற இரும்பு ஆக்சைடு மருந்தில் புற்றுசெல்லைத் தேடிச் செல்லும் மூலக்கூறு எதுவும் இல்லை. கல்லீரலில் உள்ள கூப்ஃபர் செல்கள் இரத்தத்தில் வரும் அந்நியத் துகள்களை விழுங்கும் இயல்புடையவை. எனவே இரும்பு ஆக்சைடு நலமான கல்லீரல் திசுவில் குவிந்து, எம்.ஆர்.ஐ. படத்தில் அதைக் கருமையாக்கியது. கூப்ஃபர் செல்கள் குறைவாக உள்ள கட்டி மட்டும் வெளிச்சமாகவே நின்றது. உடல் துகளை அகற்றும் செயலையே படிமமாக மாற்றிக்கொண்ட இந்த உத்தியை, புதிதாக வருகின்ற ஒவ்வொருவரும் நின்று யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த மருந்து பின்னர் சந்தையிலிருந்து விலகிவிட்டது. மருத்துவமனைகளில் அதைவிட எளிதாகப் பயன்படுத்தத்தக்க காடோலினியம் சார்ந்த மருந்துகள் அந்த இடத்துக்கு வந்திருந்தன. நல்ல அறிவியல் ஒன்றும்கூட அன்றாடப் பயன்பாட்டில் எதனோடு போட்டியிடுகிறது என்பதைப் பார்த்தே நிலைக்கிறது.

இரண்டாம் படி: கேள்விக்கு ஏற்ற படிமக் கருவியைத் தேர்ந்தெடுங்கள்

ஒவ்வொரு கருவிக்கும் எவ்வளவு பொருள் இருந்தால் அது கண்ணுக்குத் தெரியும் என்ற ஒரு கீழ்வரம்பு உண்டு. அந்த வரம்பை அறியாமல் துகளைத் தேர்ந்தெடுப்பது வீண். பெட் ஸ்கேன் பிகோமோலார் (லிட்டருக்கு ஒரு மோலின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) செறிவிலேயே கதிரியக்கப் பொருளைக் கண்டுகொள்ளும், ஆனால் மருத்துவமனைக் கருவிகளில் அதன் பிரிதிறன் சில மில்லிமீட்டர் அளவிலேயே நிற்கிறது. எம்.ஆர்.ஐ. ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய நுணுக்கத்தோடு மென்திசுவைக் காட்டும். அதற்கு மைக்ரோமோலார் (பிகோமோலாரைப் போல் பத்து லட்சம் மடங்கு) அளவிலோ அதற்கு மேலோ முரண்பொருள், அதாவது படத்தில் வேறுபாட்டை எடுத்துக்காட்டும் பொருள், தேவைப்படுகிறது. சி.டி.க்கு அதைவிடவும் மிகுதியாக வேண்டும். தங்கத்தின் அணுவெண் 79, அயோடினின் அணுவெண் 53 என்பதால் தங்கம் எக்ஸ் கதிரை நன்றாகத் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் திசுவில் ஒரு மில்லிலிட்டருக்கு மில்லிகிராமை ஒட்டிய அளவில் அது சேர்ந்தால்தான் அந்த மேன்மை படத்தில் தெரியும்.

ஒளிப் படிமம் செலவு குறைந்தது, கதிர்வீச்சு அற்றது; என்றாலும் திசு ஒளியைச் சிதறடித்துவிடுகிறது. 650 முதல் 950 நானோமீட்டர் வரையுள்ள அண்மை அகச்சிவப்பு ஒளியை இரத்தமும் நீரும் குறைவாக உட்கவர்வதால், அந்த அலைநீளங்களில் சில மில்லிமீட்டர் முதல் ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய ஆழம் வரை காணலாம். எனவே ஒளிரும் துகள் அறுவை மேசைக்கும் அகநோக்கிக்கும் பொருத்தமானது. உடலின் ஆழத்தில் உள்ள கட்டியை வெளியிலிருந்து காண உதவாது. காந்தத் துகள் படிமம் என்ற இன்னொரு முறையை 2005-இல் கிளைக், வைசெனெக்கர் ஆகிய இருவரும் அறிமுகப்படுத்தினர். அது இரும்பு ஆக்சைடை மட்டுமே காட்டும், திசுவைக் காட்டாது என்பதால் பின்னணி இரைச்சல் இல்லாத படத்தைத் தருகிறது.

கதிரியக்கக் குறியீட்டை, அதாவது துகளைப் படத்தில் காண அதில் பொருத்தும் கதிரியக்கப் பொருளைத், தேர்ந்தெடுக்கும்போது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் அரைவாழ்வுக் காலத்தைத் துகளின் உடல் பயணத்தோடு பொருத்திப் பாருங்கள். ஃபுளோரின்-18இன் அரைவாழ்வு 110 நிமிடம், செம்பு-64இன் அரைவாழ்வு ஏறத்தாழ 12.7 மணி நேரம், சிர்கோனியம்-89க்கு ஏறத்தாழ 78 மணி நேரம். இரண்டு நாள் இரத்தத்தில் சுற்றும் துகளில் ஃபுளோரினைப் பொருத்தினால், துகள் கட்டியை அடையும் முன்பே விளக்கு அணைந்துவிடும்.

மூன்றாம் படி: உடல் உங்கள் துகளை என்ன செய்யும் என்று கணியுங்கள்

இந்தப் படியில்தான் மிகுந்த காலம் செலவிட வேண்டும். இரத்தத்தில் நுழைந்த சில நொடிகளிலேயே துகளின் மேற்பரப்பில் புரதங்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. இதைப் புரத மகுடம் என்கிறார்கள். கட்டியைத் தேடிச் செல்வதற்காக நீங்கள் அரும்பாடுபட்டு ஒட்டிய எதிர்பொருள் (ஆன்டிபாடி) அந்த மகுடத்துக்கு அடியில் புதைந்துபோகலாம். அதன்பின் செல்கள் சந்திப்பது நீங்கள் தயாரித்த துகளின் மேற்பரப்பை விட அந்த மகுடத்தையே. பாலிஎத்திலீன் கிளைக்கால் பூச்சு இந்தப் புரத ஒட்டுதலைக் குறைத்து, துகளை நீண்ட நேரம் சுற்றவைக்கிறது. 1995-இல் ஒப்புதல் பெற்ற டாக்சில் என்ற லிப்போசோம் (கொழுப்புப் படலக் குமிழி) மருந்து இரத்தத்தில் நாள்கணக்கில் நிலைப்பதற்கு இந்தப் பூச்சே காரணம். அதே சமயம், இந்தப் பூச்சுக்கு எதிரான எதிர்பொருள்கள் சிலரது உடலில் உருவாகின்றன என்பதால், இதைக் கவலையற்ற தீர்வு என்று எண்ணிவிடக் கூடாது.

வெளியேறும் வழி அளவைப் பொறுத்தது. நீர்மத்தில் அளக்கப்படும் விட்டம் ஏறத்தாழ 5.5 நானோமீட்டருக்குக் கீழ் இருந்தால் சிறுநீரகம் துகளை விரைவாக வடிகட்டி வெளியேற்றுகிறது என்று 2007-இல் குவாண்டம் புள்ளிகள் என்ற ஒளிரும் மிகச் சிறிய குறைகடத்தித் துகள்களைக் கொண்டு செய்த ஆய்வு காட்டியது. அதைவிடப் பெரியவற்றைக் கல்லீரலும் மண்ணீரலும் எடுத்துக்கொள்கின்றன. அங்கே சிதையாத பொருள் மாதங்கள், ஆண்டுகள் என்று தங்கிவிடக்கூடும். இரும்பு ஆக்சைடு மெல்லக் கரைந்து உடலின் இரும்புக் கையிருப்பில் சேர்ந்துவிடுவதால் அதற்கு ஒரு தனிச் சலுகை உண்டு. தங்கத்துக்கு அந்த வழி இல்லை.

இனி, கட்டிக்குள் துகள் எப்படிச் சேர்கிறது என்பதைப் பார்ப்போம். கட்டியின் இரத்த நாளங்கள் கசியும் இயல்புடையவை என்பதையும், அங்கே நிணநீர் வடிகால் குறைவு என்பதையும் அடிப்படையாகக் கொண்டு, பெரிய மூலக்கூறுகள் கட்டியில் தேங்கும் என்று 1986-இல் மட்சுமுராவும் மாயேடாவும் எழுதினர். இந்தக் கருத்தின் மேல்தான் துறையின் பெரும்பகுதி கட்டப்பட்டது. 2016-இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாரன் சானின் குழு, அதற்கு முந்தைய பத்தாண்டு வெளியீடுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபோது, செலுத்திய துகளில் கட்டியை அடைவது இடைநிலை மதிப்பாக 0.7 விழுக்காடு மட்டுமே என்று தெரியவந்தது. அந்த எண் மனத்தைச் சோர்வடையச் செய்யலாம்; ஆனால் அதைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்பவரின் திட்டம் உறுதியாக இருக்கும். மீதி 99 விழுக்காடு எங்கே போகிறது, அங்கே அது என்ன செய்கிறது என்பதற்கு உங்கள் ஆய்வுத் திட்டத்தில் தனிப் பகுதி ஒதுக்குங்கள்.

எலிகளில் கிடைக்கும் எண்ணை மனிதருக்கு அப்படியே கொண்டுவரவும் முடியாது. 20 கிராம் எடையுள்ள சுண்டெலியில் 1 கிராம் கட்டி என்பது உடல் எடையில் 5 விழுக்காடு. 70 கிலோ எடையுள்ள மனிதருக்கு அது மூன்றரைக் கிலோ கட்டிக்குச் சமம். சில வாரங்களில் வளர்த்தெடுத்த அந்தக் கட்டியின் நாளங்களும், ஆண்டுக்கணக்கில் வளர்ந்த மனிதக் கட்டியின் நாளங்களும் ஒரே வகையில் கசிவதில்லை.

நான்காம் படி: இப்போது பொருளைத் தேர்ந்தெடுங்கள்

மேற்கண்ட மூன்று படிகளும் முடிந்திருந்தால், பொருள் பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும். எம்.ஆர்.ஐ. வேண்டும், உடலில் கரையவும் வேண்டும் என்றால் இரும்பு ஆக்சைடு. ஏறத்தாழ 20 நானோமீட்டருக்குக் கீழ் இது மீப்பரகாந்தத் தன்மை பெறுகிறது. அதாவது வெளிக் காந்தப்புலத்தை நீக்கியதும் காந்தத் தன்மையை இழந்துவிடுவதால், துகள்கள் ஒன்றையொன்று ஈர்த்து ஒன்றுதிரள்வதில்லை. ஒளியை வெப்பமாக மாற்ற வேண்டும் என்றால் தங்கம். மருந்தைச் சுமக்க வேண்டும் என்றால் லிப்போசோம் அல்லது பாலிமர். சிறுநீரகம் வழியாக வெளியேறும் ஒளிரும் துகள் வேண்டும் என்றால் மிகச் சிறிய சிலிக்கா. கார்னெல் பல்கலைக்கழகத்தில் உருவான இத்தகைய சிலிக்காத் துகள்களில் அயோடின்-124 பொருத்தி, மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ள ஐவருக்குச் செலுத்திய முதல் மனித ஆய்வு 2014-இல் வெளியானது. குவாண்டம் புள்ளிகள் 2023-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தவை, காண மிக அழகானவை. ஆனால் காட்மியம் உள்ளவற்றை மனித உடலுக்கான திட்டத்தில் சேர்ப்பதற்கு முன் பலமுறை யோசியுங்கள்.

ஐந்தாம் படி: படிமமும் சிகிச்சையும் ஒரே துகளில் சேர வேண்டுமா?

நோயறிதலையும் சிகிச்சையையும் இணைக்கும் இத்துறையைத் தெரனோஸ்டிக்ஸ் என்று அழைக்கிறார்கள். ஒரே துகள் கட்டியைக் காட்டவும் அழிக்கவும் செய்யும் என்ற எண்ணம் கவர்ச்சியானது. ஆயினும், இரண்டு வேலைகளும் துகளிடம் எதிர்மாறான பண்புகளைக் கேட்கின்றன என்பதைப் புதியவர் முதலிலேயே உணர வேண்டும். படிமத்துக்குத் துகள் கட்டியில் சேர்ந்ததும் மற்ற இடங்களிலிருந்து விரைவாக அகல வேண்டும். அப்போதுதான் பின்னணி தெளியும். சிகிச்சைக்கோ அது நீண்ட நேரம் சுற்றிக் கட்டியில் மேலும் மேலும் சேர வேண்டும். மருந்தளவிலும் இதே முரண் உண்டு. பெட் படிமத்துக்குத் தேவையான அளவு சிகிச்சை அளவைவிட மிகமிகக் குறைவு; எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி.க்குத் தேவையான அளவோ, வீரியமிக்க மருந்தோடு சேர்த்துச் செலுத்த முடியாத அளவுக்கு மிகுதியாகலாம்.

இந்த முரண் ஏட்டளவிலானது அன்று. மூளையின் கிளையோபிளாஸ்டோமா கட்டிக்குள் இரும்பு ஆக்சைடு நீர்மத்தை நேரடியாகச் செலுத்தி, மாறுகாந்தப் புலத்தால் சூடேற்றும் நானோதெர்ம் முறை ஐரோப்பாவில் 2010-இல் ஒப்புதல் பெற்றது. இரும்பு ஆக்சைடு எம்.ஆர்.ஐ.க்கு உகந்த பொருள்தானே என்று நாம் எண்ணுவோம். சூடேற்றத் தேவையான அளவு இரும்பு அங்கே சேர்ந்ததும் எம்.ஆர்.ஐ. படம் அந்த இடத்தில் முழுதும் குலைந்துபோனதால், துகள் படிந்த இடத்தைச் சி.டி. கொண்டே கணிக்க வேண்டியிருந்தது. குறைந்த அளவில் படத்தைத் தெளிவாக்கும் பொருளே மிகுந்த அளவில் படத்தை மறைத்துவிட்டது. இணைப்புத் துகள் ஒன்றைத் திட்டமிடும்போது, "என் சிகிச்சை அளவில் என் படிமம் இன்னும் படிமமாக இருக்குமா?" என்ற கேள்வியை எழுதி மேசைமேல் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் இணைப்பதற்கு உண்மையான பயன் உள்ள இடங்கள் மூன்று என்று நான் கருதுகிறேன். யாருக்குச் சிகிச்சை பலிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது முதலாவது. 2017-இல் வெளியான ஒரு முன்னோட்ட ஆய்வில், நோயாளிகளுக்கு முதலில் ஃபெருமாக்சிடால் என்ற இரும்பு ஆக்சைடைச் செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், பிறகு இரினோடெக்கான் மருந்து அடைத்த லிப்போசோமைக் கொடுத்தார்கள். ஃபெருமாக்சிடால் மிகுதியாகச் சேர்ந்த கட்டிகள் சிகிச்சையில் அதிகம் சுருங்கின. இங்கே படிமத் துகள் வேறு, சிகிச்சைத் துகள் வேறு என்பதைக் கவனியுங்கள். அணு மருத்துவத்தில் காலியம்-68 பொருத்திய மூலக்கூறால் கட்டியைக் கண்டு, அதே மூலக்கூறில் லுட்டீசியம்-177 பொருத்திச் சிகிச்சை தருவதும் இத்தகைய இணையே. முன்னதன் அரைவாழ்வு 68 நிமிடம், பின்னதன் அரைவாழ்வு ஏறத்தாழ ஆறரை நாள். ஒவ்வொன்றும் தன் வேலைக்குப் பொருத்தமான காலத்தைப் பெற்றிருக்கிறது. துகள் ஆய்வாளர்கள் இந்த எளிய ஏற்பாட்டிலிருந்து கற்க வேண்டியது நிறைய.

சிகிச்சையின் இடத்தையும் நேரத்தையும் படிமம் தீர்மானிப்பது இரண்டாவது. பிரான்சில் உருவான அகுயிக்ஸ் என்ற துகள் பாலிசிலாக்சேனும் காடோலினியமும் சேர்ந்தது, ஏறத்தாழ 5 நானோமீட்டர் அளவினது. காடோலினியம் எம்.ஆர்.ஐ.யில் கட்டியை வெளிச்சமாக்குகிறது; அதன் உயர் அணுவெண் காரணமாகக் கதிரியக்கச் சிகிச்சையின் தாக்கத்தையும் அந்த இடத்தில் கூட்டுகிறது. துகள் கட்டியில் இருக்கும் நேரத்தைப் படத்தில் கண்டபின் கதிர்வீச்சைத் தொடங்கலாம். மூளைக்குப் பரவிய புற்றுநோய் உள்ள 15 பேரிடம் கிரெனோபிளில் முதல் கட்ட ஆய்வு நடந்தது. ஒரே பொருளிலிருந்தே இரண்டு பயன்களும் பிறக்கின்றன என்பதாலேயே இந்த வடிவமைப்பை நான் மதிக்கிறேன். பூச்சு மேல் பூச்சாகச் சேர்த்துத் துகளைச் சிக்கலாக்கும் தேவை அங்கே எழவில்லை. இதனோடு ஒப்பிட, சிலிக்கா மேல் தங்க ஓடு கொண்ட ஆரோஷெல் துகளைப் பாருங்கள். புராஸ்டேட் புற்றுநோய் உள்ள 16 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், கட்டியின் இடத்தை எம்.ஆர்.ஐ.யும் அல்ட்ராசவுண்டும் காட்டின, துகள் லேசர் ஒளியை வெப்பமாக்கும் வேலையை மட்டும் செய்தது. துகளே எல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மருந்து துகளிலிருந்து வெளிவந்ததா என்று உள்ளிருந்தே அறிவது மூன்றாவது. இது இன்னும் பெரும்பாலும் ஆய்வக நிலையிலேயே உள்ளது.

ஆறாம் படி: ஆய்வகத்தில் கைப்பழக்கம்

முதல் துகளாகச் சிட்ரேட் முறைத் தங்கத்தைத் தயாரித்துப் பாருங்கள். 1951-இல் டர்கெவிச் குழுவினர் விரிவாக ஆராய்ந்த இந்த முறையில், கொதிக்கும் குளோரோஆரிக் அமிலக் கரைசலில் சோடியம் சிட்ரேட்டைச் சேர்த்தால், சில நிமிடங்களில் கரைசல் மாணிக்கச் சிவப்பாகிறது. 520 நானோமீட்டரை ஒட்டி ஒளி உட்கவர்ச்சி உச்சம் தெரியும். அதில் சிறிது உப்புநீர் விட்டால் துகள்கள் ஒன்றுதிரண்டு நிறம் ஊதாவாகவும் நீலமாகவும் மாறும். இரத்தமும் உப்புநீர்தான் என்பதையும், பூச்சு ஏன் தேவை என்பதையும் இந்தச் சிறு சோதனை எந்தப் பாடத்தையும்விட நன்றாக உணர்த்திவிடும். கண்ணாடிக் கலங்களை அதற்கு முன் மிகத் தூய்மையாகக் கழுவியிருக்க வேண்டும்.

அளவிடும்போது மின்னணு நுண்ணோக்கியும் ஒளிச்சிதறல் கருவியும் வெவ்வேறு எண்களைத் தரும். அதைக் கண்டு குழம்ப வேண்டாம். நுண்ணோக்கி உலர்ந்த கருவைக் காட்டுகிறது, ஒளிச்சிதறல் பூச்சோடும் நீருறையோடும் சேர்த்து அளக்கிறது. ஃபெருமாக்சிடாலின் கரு 10 நானோமீட்டருக்கும் குறைவு, நீர்மத்தில் அதன் விட்டமோ ஏறத்தாழ 30 நானோமீட்டர். சிறுநீரகம் சந்திப்பது இரண்டாவது அளவையே. இந்த அளவீட்டைத் தூய நீரில் மட்டும் செய்து நிறுத்தாமல், குருதிநீர்மத்தில் 37 டிகிரி செல்சியஸில் ஒரு நாள் வைத்தபின்னும் செய்யுங்கள்.

பலர் தவறவிடும் இரண்டு சோதனைகளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். ஒன்று, எண்டோடாக்சின். பாக்டீரியாவின் இந்த எச்சம் கிருமி நீக்கிய கரைசலிலும் தங்கியிருக்கும்; விலங்கில் அழற்சி தோன்றினால் அதற்குக் காரணம் துகளா, இந்த எச்சமா என்று பிரித்தறிய முடியாமல் போகும். மேலும், துகளின் நிறமே எண்டோடாக்சினைக் கண்டறியும் சோதனையின் நிறமாற்றத்தோடு கலந்து பொய்யான விடையைத் தரலாம் என்பதால், துகளை மட்டும் வைத்த ஒப்பீட்டுச் சோதனை கட்டாயம். மற்றொன்று, குறியீடு துகளிலேயே ஒட்டியிருக்கிறதா என்பது. படத்தில் நீங்கள் காண்பது எப்போதும் குறியீட்டையே, துகளை அன்று. பிரிந்துபோன சிர்கோனியம் எலும்பில் சேரும், பிரிந்த அயோடின் தைராய்டில் சேரும். எலும்பு ஒளிர்வதைக் கண்டு, துகள் எலும்புக்குச் செல்கிறது என்று எழுதிவிடுவது இப்படி நேர்கின்ற பிழைதான்.

ஏழாம் படி: விலங்கு ஆய்வும் அதற்கு அப்பாலும்

நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றபின், முதல் ஆய்வாக எல்லா உறுப்புகளிலும் துகளின் பரவலை அளவிடுங்கள். கட்டியை மட்டும் அளந்து வெளியிடுவதில் பயன் குறைவு. ஒவ்வொரு உறுப்பின் எண்ணையும் செலுத்திய அளவின் விழுக்காடாக எழுதுங்கள், சிறுநீரையும் மலத்தையும் சேர்த்துக் கூட்டுத்தொகை நூறை நெருங்குகிறதா என்று சரிபாருங்கள். எதை எல்லாம் அறிக்கையில் குறிப்பிட வேண்டும் என்பதற்கு 2018-இல் வெளியான மிரிபெல் என்ற பரிந்துரைப் பட்டியல் நல்ல துணை; ஆய்வைத் தொடங்கும் முன்பே அதைப் படித்துவிட்டால், விடுபட்ட அளவீட்டுக்காக மீண்டும் விலங்குகளைப் பயன்படுத்தும் நிலை வராது.

மனிதருக்குச் செல்லும் கட்டத்தில் பாதுகாப்பு பற்றிய கேள்விகள் வேறு முகம் காட்டும். ஃபெருமாக்சிடால் 2009-இல் சிறுநீரக நோயாளிகளின் இரும்புக் குறைபாட்டுக்கு ஒப்புதல் பெற்றது. கடுமையான ஒவ்வாமை காரணமாக 2015-இல் மிக வலுவான எச்சரிக்கை அதன் உறையில் சேர்க்கப்பட்டது, விரைவாக ஊசியில் செலுத்துவதை விட்டு மெல்ல ஏற்றும் முறைக்கு மாற வேண்டியதாயிற்று. இது செலுத்திய பின் மூன்று மாதம் வரை எம்.ஆர்.ஐ. படங்கள் பாதிக்கப்படலாம் என்பதால், அதற்குள் வேறு காரணத்துக்காக எம்.ஆர்.ஐ. எடுக்கும் மருத்துவருக்கும் தகவல் சேர வேண்டும். இப்படிப்பட்ட விளைவுகளை வடிவமைப்பு நாளிலேயே எண்ணிப் பார்க்கலாம்.

இனி முதல் வாரத்தில் செய்யத்தக்க ஒரு வேலை. மேலே பெயர் சொன்ன துகள்களில் ஃபெரிடெக்ஸ், அகுயிக்ஸ், ஆரோஷெல் மூன்றையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தாளில் மருத்துவக் கேள்வி, படிமக் கருவி, நீர்மத்தில் அதன் அளவு, உடலை விட்டு வெளியேறும் வழி, படத்தைக் கண்டபின் மாறும் முடிவு ஆகியவற்றை எழுதுங்கள். நான்காவது தாளில் உங்கள் சொந்தத் துகளை அதே வரிசையில் எழுதி, நிரப்ப முடியாத இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அந்தத் தாளோடு உங்கள் வழிகாட்டியையும் ஒரு கதிர்ப்படவியல் மருத்துவரையும் சந்தியுங்கள்.